ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்

புக்கிட் பாத்தோக், ஒன்பதாம் மாடி,
தாழ்வாரம் வளையும் இடத்தில் எங்கள் வீடு.
வெயில் ஏழு நாற்பதுக்கு வரும்,
பத்தேகாலுக்குப் போய்விடும்,
பகுதிநேர ஊழியர் மாதிரி.

அதற்குள் பங்கு வைக்க வேண்டும்.
கத்தரிக்கு முழுப் பங்கு.
மிளகாய்க்கும் அப்படியே,
குறைத்தால் பூவை உதிர்த்துக் கோபம் காட்டும்.
பாண்டானை நிழலில் தள்ளினாலும்
ஏன் என்று கேட்காது.
புதினாவுக்கு மட்டும் தனிக்குடித்தனம்.
பக்கத்தில் யாரையும் அது வாழவிடாது.

மைலோ டின், ஐஸ்கிரீம் டப்பா,
வேலையிடத்தில் வீசவிருந்த கேபிள் பெட்டி:
இவைதாம் என் தொட்டிகள்.
மின்தூக்கி பழுதுபார்ப்பவனிடம்
துளைபோடும் இயந்திரத்துக்கா பஞ்சம்?
அடியில் ஐந்து ஓட்டை,
அதன்மேல் தேங்காய் நார்,
அப்புறம்தான் மண்.
தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது, மணலை நிரப்பு.
கொசுச் சோதனைக்கு வரும் பெண்
டார்ச்சைக் குனித்துப் பார்க்கையில்
மார்க்குக்குக் காத்திருக்கும் பையனாய்
நான் கதவோரம் நிற்பேன்.

தேனீ இவ்வளவு உயரம் ஏறி வருவதில்லை.
பழைய மின்சாரப் பல்துலக்கியை எடுத்து
கத்தரிப்பூவின் காம்பில் வைப்பேன்.
மூன்று விநாடி.
மஞ்சள் தூள் உதிரும்.
"தரகுக் கமிஷன் எவ்வளவு?" என்பாள்
கோமளவேணி, உள்ளிருந்து.

மார்ச்சில் நகர மன்றக் கடிதம்.
நடக்கும் வழி
ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டுமாம்.
அளந்தேன். தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
டேப்பை இழுத்துப் பிடித்தேன். தொண்ணூற்றேழு.

யார் நடக்கிறார்கள் இங்கே?
கடைசி வீட்டு கோ பூன் லியாங்,
காலையில் காப்பிக்கு ஒரு நடை,
மாலையில் லாட்டரிச் சீட்டுக்கு ஒரு நடை.
ஒல்லி மனிதர்.
அவருக்கு எதற்கு ராஜபாட்டை?
முணுமுணுத்துக்கொண்டே
இரண்டு வெண்டையைப் பிடுங்கினேன்.
ஒன்று காய்த்திருந்தது.

அகலம் இல்லையென்றால் உயரம்.
பொதுச்சுவரில் ஆணி அடிக்க முடியாது.
கைப்பிடிச் சுவர்மேல் எதையும் வைக்கவே கூடாது,
கீழே யாரோ ஒருவரின் தலை.
ஆகவே ஓர் இரும்பு ரேக்,
இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழம், நான்கு தட்டு.
உச்சியில் மிளகாய்,
அதற்குக் கீழே கத்தரி,
வெயில் சாய்ந்து எட்டும் மூன்றாம் தட்டில் கீரை,
அடியில் பாண்டான்.
மேல்தட்டில் ஊற்றிய தண்ணீர்
நான்கு வீடு குடித்துவிட்டு
மணலுக்கு வரும்.
அரிசி கழுவிய தண்ணீர் என்றால் வியாழக்கிழமை.

ஜூலையில் கோ திரும்பி வந்தார்,
ஏழு வாரம் கழித்து,
சக்கர நாற்காலியில்.
தள்ளி வந்த சுமியாத்தி
வளைவில் ஒரு கணம் நின்றாள்,
பின்னால் இழுத்தாள், திருப்பினாள்.
கால்தாங்கியின் நுனி
ரேக்கைத் தொடாமல் அரைவட்டம் போட்டது.
இடையில் என் நான்கு விரல் நுழையும்.

தொண்ணூற்றாறு என்று நினைத்துப் பார்த்தேன்.
தொண்ணூற்றேழு என்றும்.

அன்றிரவு ரேக்கை மறுபடி கலைத்தேன்.
இதற்குக் கடிதம் எதுவும் வரவில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்து
இடக்கையை மடியில் போட்டுவிட்டு
வலக்கையை நீட்டினேன்.
எண்பத்தெட்டு சென்டிமீட்டர்.
மிளகாய் இரண்டு தட்டு இறங்கியது.
வெயில் கொஞ்சம் குறையும்,
குறையட்டும்.
வெளியே போகையில் ரேக் அவருக்கு வலப்பக்கம்.

நன்றி கின்றி ஒன்றுமில்லை.
நான்காம் நாள், பழுக்கவே விடாமல்
பச்சையாக ஒன்றைக் கிள்ளினார்.
மறுநாள் இரண்டு.
சனிக்கிழமை நாற்காலியை என் வாசலில் நிறுத்தச் சொல்லி,
வாய் ஒரு பக்கம் கோணியபடி,
ஒவ்வொரு எழுத்தாய்த் தேடிச் சொன்னார்:
காரம் பத்தாது.

சரி.
சிலி பாடி விதைத்திருக்கிறேன்,
அதே தட்டில்.
முளைக்கட்டும்,
அப்புறம் கவனித்துக்கொள்கிறேன் அவரை.