நிழலுக்கு மூடுவது

ஜெரெஜாக் தீவுக்கும் என் பால்கனிக்கும் நடுவே
ஒரு முழுக் கடல் சும்மா கிடக்கிறது.
நானோ
பாக்கெட் உப்பைக் கிலோக் கணக்கில் வாங்கி
பன்னிரண்டாம் மாடிக்குத் தூக்கி வந்து
வாளியில் கடல் கரைக்கிறேன்.
"அந்தத் தண்ணி வேணாம், கப்பல் எண்ணெய்" என்றார்
ஜெலுத்தோங் கடைக்காரர் ஹொக் செங்.
சிப்பியை விற்றவர் சொன்னால்
கேட்கத்தானே வேண்டும்.

கிமா என்பார் அவர் அதை.
உள்ளங்கையளவு.
வாய் திறந்தால்
மழைத்தேக்கத்தில் பெட்ரோல் சிந்திய நீலம்.

முதல் வாரம் மணலில் வைத்தேன், சாய்ந்தது.
பாறைமேல் வைத்தேன், விழுந்தது.
பிறகு தானே ஒரு கல்லைப் பிடித்து
நூல்விட்டுக் கட்டிக்கொண்டது.
"இனிப் பிடுங்காதே.
நூலோடு உயிரும் வந்துடும்."

உப்பு முப்பத்தைந்து.
கால்சியம் நானூற்று இருபது.
வெப்பம் இருபத்தேழைத் தொட்டால்
வியர்ப்பது எனக்கு.
பாயான் லெப்பாஸில் இரவெல்லாம் சில்லுகளில்
கீறல் தேடிய அதே கண்
காலையில் சோதனைக் குழாயில்
நிறம் மாறும் துளியை எண்ணும்.

"எத்தனை மாசத்துல சாப்பிடலாம்?"
பக்கத்து வீட்டு ரொஹாயா அக்கா.
சிரித்துவைத்தேன்.
அன்று சார் குவே தியாவ் கடையில்
கெராங் வேண்டாம் என்று வாய் தானாகச் சொன்னது.
அடுத்த வாரம் போடச் சொன்னேன்,
அது வேறு கதை.

ஏப்ரலில் மடல் சுருங்கிற்று.
கசக்கிப் பிரித்த காகித விளிம்பு.
எண்கள் எல்லாம் சரி.
எண்கள் சரியாக இருக்கும்போதுதான்
பயம் கூடுதல்.
லீவு போட்ட இரவில்
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஓட்டின் அடியில்
நொய்யரிசி போல வெள்ளை நத்தைகள்,
வரிசையாய், உறிஞ்சிக்கொண்டு.
கல்லோடு தூக்கி வாளியில் வைத்து
ஒவ்வொன்றாய்த் துலக்கினேன்,
குணாளன் விட்டுப்போன டூத்பிரஷால்.
மூன்று வருடத்தில் அவன் பொருள்
பயன்பட்டது அன்றுதான்.
பதினாறு இரவு.
பிறகு ஒரு நத்தையும் இல்லை.

இப்போது காலை ஏழரை.
கம்பெனி பஸ் இறக்கிவிட்ட கையோடு
பையைக்கூட வைக்காமல் குனிகிறேன்.
தொட்டி விளக்கை என் தலை மறைக்க,
நிழல் விழுந்ததும்
வெடுக்கென மூடிக்கொள்கிறது.

இத்தனை நாளும் பார்த்துக்கொண்டவள்,
அதற்கு நான் இன்னும்
கடிக்க வந்த ஏதோ ஒரு மீன்.

ஹொக் செங்கிடம் குறைப்பட்டேன்.
தராசிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்:
"மூடாத அன்னிக்குப் போன் பண்ணு."

கொஞ்சம் தள்ளி நின்று காத்திருக்கிறேன்.
மெல்லத் திறக்கிறது, நீலம்.
இன்னொரு முறை குனிகிறேன்.
மூடுகிறது.

போய்ப் படுக்கிறேன்.