திக்கு

என் வேலை கணக்கு வைப்பது.
எந்தக் கையில் விளக்கு, எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
மழை இடமிருந்து அடித்ததா வலமிருந்தா.
எஸ்டோனியா, சாரேமா தீவின் வடகரை, நவம்பர்.
கழுத்தில் கயிறு கட்டிய கடிகாரத்தோடு நிற்கிறேன்.

நாவலில் விர்மேவுக்கு ஐம்பத்தெட்டு வயது.
தொப்பை உண்டு. இடது பாதத்தில் ஆணி.
நாக்கு திக்கும்.
தொலைக்காட்சியில் முப்பத்தொன்று.
ஆணியைப் பற்றிப் பேச்சே எழவில்லை,
முழங்கால் வரை பூட்ஸ்.
வயதை மன்னித்தேன், தொப்பையையும்தான்.
ரீகாவிலிருந்து வந்த ஸானே நல்ல பெண்,
இந்தக் குளிரில் படகைத் தானே இழுக்கிறாள்.

ஆனால் அந்தத் திக்கல்.

இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் தொடங்கி
இருநூற்றுப் பத்தொன்பதில் முடியும்
ஒரே ஒரு பெயர்.
கடல்நாகத்தைப் பெயர் சொல்லி அழைத்தால்தான் வழி விடும்.
முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்கிறாள் படகுக்காரி.
மூடுபனி இறங்குகிறது. பின்னால் உட்கார்ந்த இளவரசன்
அவளுக்காகச் சொல்லி முடிக்க வாயெடுக்கிறான்.
நாகம் அவன் பக்கம் திரும்பவும் இல்லை.
பாதித் தலை நீருக்கு மேலே,
எந்த அரசனுக்கும் காத்திராத அது
காத்திருக்கிறது.

பன்னிரண்டு வயதில், தார்த்து போகும் பேருந்தில் படித்தேன்.
என் ஊர்ப் பெயர் வாயில் வராததால்
வாயில் வந்த ஊருக்குச் சீட்டு வாங்கி
மிச்சம் நாலு கிலோமீட்டர் நடந்த காலம்.
திக்குகிறவளுக்குத்தான் திக்குத் தெரியும் என்று
அன்றைக்கு நடந்தபோது நினைத்துக்கொண்டேன்.

தாலின் அலுவலகத்தில் கணக்குப் போட்டார்கள்.
சும்மா காத்திருக்கும் நாகத்துக்கும்
செதில் செதிலாக வரைந்தாக வேண்டும்.
மூச்சு விட்டாலே நொடிக்கு நாலாயிரம் யூரோ.
"பாயட்டும், சீறட்டும், அதற்குக் கொடுக்கலாம்.
ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஒன்றே முக்கால் நிமிடம்
ஒருத்தி ஒரு பெயரைச் சொல்லவா?"
யோசெப் என்னைப் பார்க்காமல் பென்சிலால் அடித்தான்.
திக்கலுக்குப் பதில் ஒரு தழும்பு கொடுத்தார்கள்,
புருவத்தின் மேல்.
தழும்புக்கு நேரம் பிடிக்காது.

எழுதியவள், ஹெல்வே ராவுத்லா, ஒருநாள் வந்தாள்.
பட்டாணி சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள்.
தழும்பைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்றாள்,
அடுத்த வீட்டுக் குழந்தையைச் சொல்வதுபோல.
போகும்போது என்னிடம் மட்டும்:
"பணத்தில் கூரை மாற்றிவிட்டேன். இப்போது ஒழுகுவதில்லை."
அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஏழாவது டேக்.
காற்று பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போகிறது.
ஸானே வாய் திறக்கிறாள். பெயர் மறந்துவிட்டது.
உதடு குவிந்தபடி நிற்கிறது,
கழுத்து நரம்பு ஏறுகிறது,
எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.
எதிரே நாகம்:
நீளக் கம்பின் நுனியில் பச்சை டென்னிஸ் பந்து.
கம்பைப் பிடித்திருந்த உள்ளூர்ப் பையன் ஒலெவ்
பாய்ச்ச வேண்டியதை மறந்து
பந்தை அப்படியே அவள் கண் உயரத்தில் வைத்திருந்தான்.
கடிகாரம் ஓடியது.
ஒன்பது நொடி.
பிறகு வந்தது பெயர், உடைந்து, முழுசாக.

"வெட்டு" என்றான் யோசெப்.
"மாரிக்கா, இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?"

இல்லை என்று சொல்ல வேண்டும்.
‘இ’யில் நான் எப்போதும் மாட்டுவேன்.
விளக்குக்காரர்கள், மழை இயந்திரம், ஸானே,
இன்னும் கம்பை இறக்காத ஒலெவ்,
எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒளிபரப்பில் மிஞ்சியது இரண்டு நொடி.
என் கடிகாரத்தை வைத்தே எண்ணினேன்.
இரண்டு நொடி.
எண்ணாயிரம் யூரோ.