பொய்க்கால் விமானம்

பணி அட்டையில் என் பெயருக்குக் கீழே
'போலி விமானி' என்று அச்சடித்திருக்கிறார்கள்.
அரபியில் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

முஹர்ரக்கில், ஓடுபாதைக்கு முதுகு காட்டி நிற்கும்
ஜன்னல் இல்லாத கட்டடம்.
சுவருக்கு அந்தப் பக்கம்
கட்டுப்பாட்டு அறைக்குப் போகப்போகும் பிள்ளைகள்.
இந்தப் பக்கம் நான்,
ஒரு ஹெட்செட், ஃபிளாஸ்க் நிறையச் சுலைமானி.
அவர்கள் திரையில் ஊரும் பதினோரு விமானங்களுக்கும்
நான்தான் வாய்.
கராச்சியிலிருந்து வருகிறவனுக்குக் கரகரப்பு,
ஃபிராங்ஃபர்ட்காரனுக்கு அவசரம்,
சரக்கு விமானத்துக்குத் தூக்கக் கலக்கம்.
அப்படி நடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
பொய்க்கால் குதிரையில் ஆடுகிறவனின் கால்களாவது நிஜம்.

முதல் அணி வந்தபோது கணினி கிடையாது.
மேஜைமேல் பச்சைத் துணி, சுண்ணாம்புக் கோட்டில் ஓடுபாதை,
மர விமானங்களைக் குச்சியால் தள்ளுவேன்.
'இறங்க அனுமதி' என்றால்
குனிந்து இறக்கி வைப்பேன்.
ஏழு பையன்கள்.
கண்ணெதிரே சேலையோடு நின்ற என்னை
ஏழு பேரும் 'சார்' என்றார்கள்.
விமானி என்றால் சார்தான், புத்தகத்தில் அப்படி.
ஹெதரிங்டன் நிறுத்துக்கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
ஆறு மாதத்தில் ஏழை நான்காக்கினார்.

பிறகு காகிதப் பட்டிகள், பிறகு ராடார்.
இப்போது சுற்றிலும் திரை,
பொத்தானை அழுத்தினால் புழுதிக்காற்று.
மூன்றை 'ட்ரீ' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்லிச் சொல்லி
மலபார்க்காரர் கடையில் நைனர் முட்டை கேட்டிருக்கிறேன்.

ஆள் எடுக்கும் விளம்பரம் மட்டும் மாறவில்லை:
வயது இருபத்தைந்துக்குள். கண் ஆறுக்கு ஆறு.
குடிமக்கள் மட்டும்.
ஐந்நூறு விண்ணப்பங்களைத் துளையிட்டுக் கோத்தது நான்.
நுழைவுத் தேர்வின் எண் புதிர்களை
ஒருநாள் மதியம் போட்டுப் பார்த்தேன்.
எண்பத்தொன்பது.
தேர்ச்சிக்கு எழுபது போதும்.
தாளைக் கிழித்துப் போட்டு
டிபன் டப்பாவைக் கழுவ எழுந்தேன்.

வியாழன்தோறும் எனக்கு எஞ்சின் தீப்பிடிக்கும்.
பாடத்திட்டத்தில் இருக்கிறது: எட்டாவது வாரம், கடலுக்கு மேலே,
'மேடே' மூன்று முறை.
முன்னதாகத் தண்ணீர் குடித்துக்கொள்வேன்.

ஃபவாஸ் மற்ற பத்துப் பேரையும் வட்டமடிக்க விட்டு
எனக்கு அழகாக வழி திறந்தான்.
நான் இறங்கினேன்.
பத்துப் பேரை மறந்துவிட்டான்.
எரிபொருள் தீரும்வரை
பத்துக் குரலில் நானே கெஞ்சினேன்.

குலூத், பெண்களை எடுத்த முதல் வருடத்துக்காரி.
மேடே கேட்டதும் உறைந்துபோனாள்.
ஹெட்செட்டில் மூச்சு மட்டும் வந்தது.
விதிப்படி நான் காத்திருக்க வேண்டும்.
நைனர் நொடி.
"பெண்ணே, எத்தனை உயிர் என்று கேள்"
என்றேன், எந்தக் கேப்டனின் குரலும் இல்லாமல்.
கேட்டாள்.
நூற்று நாற்பத்திரண்டு என்றேன்.
அவள் தேறினாள். எனக்கு ஒரு மெமோ வந்தது.
பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன்.

இந்த மார்ச்சில் திருச்சியிலிருந்து திரும்பினேன்.
நிஜ விமானம், இருபத்தேழு சி.
இருட்டுக்குள் எரிவாயுச் சுடர்கள் தெரிந்ததும்
வட்டமடிக்கத் தொடங்கியது.
ஒன்று. இரண்டு. மூன்று.
மற்றவர்கள் மூன்றோடு விடுவார்கள்.
நான்காவதுக்கும் சாய்ந்தது இறக்கை.
ஃபவாஸ்தான்.
வானத்தில் இருக்கிற எல்லாரையும்
இரண்டு தரம் எண்ணாமல் இப்போது ஒருவரையும் இறக்க மாட்டான்.

பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு முதல் பயணம்,
சீட் பெல்ட்டை அவிழ்க்கத் தெரியாமல் வயிற்றோடு பிடித்திருந்தாள்.
"ஏங்க்கா சுத்துது, எறங்க எடம் இல்லையா?"
"எண்ணிக்கிட்டு இருக்கான்" என்றேன்.

இறக்கை நிமிர்ந்தது.
அனுமதி கிடைத்துவிட்டது, எனக்குக் கேட்காவிட்டாலும்.
உதடு தானாகச் சொன்னது:
ரோஜர்.

"யாருக்கா ரோஜரு,
வீட்டுக்காரரா?"