ஒன்று தவறாக வந்துவிட்டது

கழற்றிப்போட்ட ஏசிகளிலிருந்து
ஜெரால்டு கொண்டுவரும் செம்புக் குழாயில்
ஒரு விரல் நீளம் போதும் எனக்கு.
அறுத்துப் பிளந்து அனலில் காட்டித்
தண்ணீரில் போட்டால்
ஸ்ஸ் என்று சீறி
உள்ளே மிஞ்சிய பழைய குளிரையெல்லாம் விட்டுவிடும்.

ரூவியில் மூன்றாம் மாடி.
சமையல் மேடையில் பாதி எனக்கு, பாதி குழம்புக்கு.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
நான் சுத்தியலால் தட்டுவது காதணி.
கீழ்வீட்டு எகிப்துக்காரர்
தினமும் கொத்துக்கறி என்று நினைத்துக்கொள்கிறார்.

என் காதணிகள் ஜோடி சேராதவை.
வலது காதுக்கு மீன், இடது காதுக்கு
அது தப்பிப்போன வலையின் கிழிசல்.
வலதுக்கு ஏணி,
இடதுக்கு அதிலிருந்து விழுகிறவன்.
பன்னிரண்டு ரியால் என்று படம் போட்டேன்.
இருநூற்றுப் பதினான்கு இதயங்கள் வந்தன.
இதயத்தை நீட்டினால்
வெங்காயம் நிறுத்துத் தரமாட்டார்கள்.

முதலில் வாங்கியவள் பர்க்காவில் ஒரு நர்ஸ்.
மறுநாளே எழுதினாள்:
ஒன்று தவறாக வந்துவிட்டது.
எது? என்று கேட்டேன்.
மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன,
மறுபடி தோன்றின.
வெகுநேரம் கழித்து, தெரியவில்லை என்றாள்.
பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
அந்தத் தெரியவில்லையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் நீலக்கண்.
திருஷ்டிக்குக் கட்டும் கண்ணாடி மணி,
மொத்தக் கடையில் நூறு ஒன்றரை ரியால்.
கயிற்றில் கோத்தால் கைவளை, இரண்டரை.
படம் போடும் முன்பே தீர்ந்துபோகும்.
தார்சைத்திலிருந்து மிஸஸ் கட்டாரியா
மகள் சீமந்தத்துக்கு அறுபது கேட்டாள்.
எல்லாம் ஒரே மாதிரி, பிளீஸ்.
வந்தவர்களுக்குள் பேச்சு வரக்கூடாது.

அறுபது கண்கள் மேடையில் கிடந்து
நான் ரசம் தாளிப்பதை வேடிக்கை பார்த்தன.
வெறுக்கவில்லை அவற்றை.
மூத்தவளின் ஸ்கூல் பஸ் கட்டணமும்
என் கடைவாய்ப் பல்லின் வேர்ச் சிகிச்சையும்
அந்தக் கண்கள் கட்டியவை.
ஆனால் நாற்பது தாண்டியதும்
கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.
நாற்பத்தொன்றாவதின் முடிச்சருகே
கடுகளவு செம்புச் சுருள் ஒன்றைச் செருகிவிட்டது,
நாடி துடிக்கும் பக்கமாக,
யாரும் பார்க்காத இடத்தில்.
மீதிப் பத்தொன்பதை ஒழுக்கமாக முடித்தேன்.

விற்பதைச் செய்யுங்கள் அக்கா,
மிச்ச நேரத்தில் ஆசைக்குச் செய்யுங்கள் என்கிறாள்
எதிர்வீட்டு ஸுபைதா.
மிச்ச நேரம்.
இந்த ஊர்க் கடைகளில் நான் தேடாத அலமாரி இல்லை.

பத்து நாளில் மிஸஸ் கட்டாரியாவின் குரல்.
ஒன்றில் மட்டும் ஏதோ சுருள் இருந்ததாமே?
மன்னிப்பை வாய்க்குள் தயார் செய்தேன்.
அழகு! என் நாத்தனாருக்குப் போய்விட்டது, ஒரே சண்டை.
அடுத்து எண்பது வேண்டும்.
எண்பதிலும் அதே சுருள்,
அதே இடம்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.
மூன்றரை ரியால் என்று விலை சொன்னேன்.
எண்பது சுருள் சுற்றினேன்.
எழுபத்திரண்டாவதை
சுருளே இல்லாமல் கட்டியது கை.
நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பார்சல் எடுக்க யாஹ்யா வந்தான்.
லிஃப்ட் பழுது, மூச்சு வாங்கியது.
கையெழுத்துப் போடக் குனிந்தபோது
என் வலது காதைப் பார்த்தான்.
தலையைச் சாய்த்து இடது காதைப் பார்த்தான்.
விற்காமல் போனதை நானே போட்டிருந்தேன்.
பாதி அரபியில் பாதி இந்தியில் கேட்டான்:
விழுந்தவனுக்கு அடி பலமா?

இன்னும் தரைக்கு வரவில்லை
என்றேன்.