ஒற்றைக் கையுறை பற்றிக் கம்பெனி பஸ்ஸில் பேசியது

பேரணாம்பட்டில் ஆறு மணிக்கு ஏறினால்
ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலுக்கு முக்கால் மணி நேரம்.
நான் சத்தமாக வாசித்தால்
அதில் பதினைந்து பக்கம் போகும்.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில்
எடைக்கு வாங்கிய புத்தகம்:
'பிரபுவின் ஒற்றைக் கையுறை.'
யாரோ இங்கிலீஷிலிருந்து கொண்டுவந்தது.
அட்டையில் ஒரு முழுக் குதிரை, பாதி ஆள்.
நடப்பது ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாலில்.
நடன விருந்தில் அவன் கையுறை விழுகிறது,
ஹன்னா எடுக்கிறாள்,
முந்நூறு பக்கத்துக்குத்
திருப்பித் தராமல் இருக்கிறாள்.
அவ்வளவுதான் கதை.

'ட்யூக்' என்று அச்சடித்திருந்ததை
முதல் நாளே 'தூக்கு' ஆக்கினாள் தில்ஷாத்.
அப்புறம் பஸ் முழுக்கத் தூக்குதான்.
"தூக்கு இன்னிக்கி வந்தானா?"
"குதிர மேல குந்திக்கினு யோசிக்கிறான்."
கையுறை செக்‌ஷனில் அவளுக்குப் பத்து வருஷம்.
"ஒரு கை தொலைஞ்சா ஜோடியே ரிஜெக்ட்டு,
இதுக்கா இவ்ளோ உருகுறான்?
கட்டைவிரல் தையல் எப்பிடி இருந்துச்சு,
அத்த எழுதினானா பாரு."
எழுதவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

ஆயிரம் மெழுகுவத்தி ஏற்றிய அந்த விருந்தில்
எலுமிச்சை ஜூஸும் ஆளுக்கொரு கேக்குத் துண்டும்தான்
என்று வாசித்த காலையில்
பின் சீட்டு வரை கலவரம்.
"தேக்சா எறக்காம அது இன்னாடி விருந்து?"
டிரைவர் ஜெயவேலு ஹாரனைத் தட்டி வழிமொழிந்தார்.
அவருக்குத் தனியாக ஒரு கோபம்:
கோச்சுச் சக்கரம் கழன்ற இடத்தில்
தூக்கு நிலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்,
அண்டை கொடுக்க ஒருவனும் கல் தேடவில்லை.

எப்சிபா சிரிக்க மாட்டாள். குவாலிட்டி செக்கிங்.
"அவன் சித்தப்பா கிழக்குத் தேசத்துலேர்ந்து
பொட்டி பொட்டியா பணம் அனுப்புறாருன்னு போட்டுக்கீதே,
எந்த ஊருப் பணம் அது?"
யாரும் பேசவில்லை.
"அதுக்கு எட்டு வருஷம் முந்திதான்
வேலூர்க் கோட்டைல, தலப்பாவுல தோலு வெச்சான்னு
சிப்பாய்ங்க சண்ட போட்டுச் செத்தாங்க.
அந்தத் தோல யாரு தெச்சதுன்னு
அதயும் எவனும் எழுதல."
மாதனூர் ரோட்டில் ஒரு மேடு ஏறி இறங்கியது பஸ்.
"ம், படி. அவ கடுதாசியப் பிரிச்சாளா இல்லியா?"

கோட்டீஸ்வரிக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை.
"இவனுக்கு வேலயே கெடையாதா?
சட்ட யாரு தொவைக்கிறது?
பொண்ணு மொறைச்சா கோவம், சிரிச்சா காய்ச்சல்.
எங்கூட்டுக்காரரு இப்பிடி ஜன்னல்ல சாஞ்சிக்கினு நின்னா
பைய குடுத்து ரேஷன் கடைக்குத் தொரத்துவேன்."
இப்படிச் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தவள்
ஒரு சனிக்கிழமை, டிபன் பைக்கு அடியில்,
கேட்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை திரும்பி வந்தது.
இருநூற்று நாற்பத்தோராம் பக்கத்தில்
ஒரு கேன்டீன் டோக்கன்.
முத்தம் அங்கே இல்லை. அது இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில்,
எல்லோரும் முன்கூட்டியே புரட்டிப் பார்த்தாயிற்று.
இந்தப் பக்கத்தில் மழை பெய்கிறது,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
அவன் சொல்வது இவ்வளவுதான்:
'தப்பு என்னுடையது. நீ சொன்னபோது
நான் காதில் வாங்கவில்லை.'

காகிதம் அந்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் விறைத்திருந்தது,
நனைந்து காய்ந்த தோல் மாதிரி.

நான் எதுவும் கேட்கவில்லை.
அவளே ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னாள்:
"லெதர் பூட்ஸோட மழையில எவனாவது நிப்பானா?
மெண்ட்டல்."

சைரன் ஊதியது. இறங்கினோம்.
இன்னும் அறுபது பக்கத்துக்கு மேல் பாக்கி.
தில்ஷாத் அதற்குள் கேட்டருகே
முடிவு சொல்லிக்கொண்டிருந்தாள்:
கையுறையத் திருப்பிக் குடுத்தான்னா
அவ முட்டாளு.