நாலரை இஞ்ச்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில்
ஏழரைக்கு மேல் நல்ல கொத்தனார் கிடைக்கமாட்டார் என்றார்கள்.
ஏழு ஐம்பதுக்குப் போனேன்.
சாப்பாட்டுத் தூக்கோடு ஒருவர் மட்டும் மிச்சம்:
திம்மராயன், தேன்கனிக்கோட்டைப் பக்கம்.

"கூலியா, கான்ட்ராக்டா?"
எது நல்லது என்றேன்.
"கூலின்னா நடக்கும்.
கான்ட்ராக்ட்னா ஓடும்.
ஓடற சுவர் எங்கியாவது தடுக்கும்."
தனக்கு ஆயிரத்து நூறு, சித்தாளுக்கு எழுநூறு,
டீ என் கணக்கு.
ஆயிரம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
என் ஸ்கூட்டரில் ஏறிவிட்டிருந்தார்,
கரண்டியும் தூக்குக்குண்டும் போட்ட சிமென்ட் பையை
மடியில் வைத்துக்கொண்டு.
சித்தாள் பஸ்ஸில் வருவாளாம்.

ஹாலின் நடுவே நான் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிலில்
பேப்பர் படிக்கும் ஸ்தனிஸ் அண்ணனைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது செங்கல்லை.
மாலூர்க் கல், முதல் தரம் என்று லாரிக்காரன் இறக்கியது.
இரண்டிரண்டாகத் தட்டினார்.
ஒன்று மணி, ஒன்று மண்.
மண் என்று சொன்னதையெல்லாம் ஓரங்கட்டினார், அறுபதுக்கு மேல்.
மீதியைத் தொட்டியில் ஊறப்போட்டு
குமிழி அடங்கும்வரை பீடி குடித்தார்.
நாள்கூலியில் புகை என்று
மனதுக்குள் நிமிடத்துக்கு இரண்டு ரூபாய் கழித்துக்கொண்டிருந்தேன்.
தாகத்தோடு வைத்த கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும்,
அப்புறம் பிடிப்பிருக்காது.
சித்தாள்தான் சொன்னாள், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி.

"நூல் யார் பக்கம்?"
"கோட்டு மேலயே."
"கோட்டுக்கு அகலமில்லம்மா.
சுவருக்கு நாலரை இஞ்ச், பூச்சோட அஞ்சரை.
யார் விடறது?"

வக்கீல் எழுதிய பதினொரு பக்கத்தில் இது இல்லை.
பேப்பரைத் தாழ்த்தாமலே அண்ணன் சொன்னான்:
"பாதி பாதி."
மூன்று மாதத்தில் எங்களுக்குள் அதுதான் பேச்சு.

கல் வைக்கும் முன் இன்னொன்று கேட்டார்.
"பழைய சுவரக் கொத்திப் பல்லு விட்டுச் சேத்தா
இது அதோட ஒண்ணாயிடும், எடுக்க முடியாது.
பல்லில்லாம சாந்துல ஒட்டினா,
வேணாம்னு ஆனப்போ ஒரு ஆள் ஒரு பகல்ல உரிச்சிடலாம்.
நடுச்சுவர் கட்ற வீட்ல இதக் கேட்டுடறது."

எது உறுதி என்றேன்.
அவர் கேட்டது உறுதியைப் பற்றி இல்லை என்று
அப்புறம்தான் தெரிந்தது.
பேப்பரில் ஒரு பக்கம் புரண்டது.
பல் வேண்டும் என்றேன்,
எதற்கோ அத்தனை சத்தமாக.

உளி இறங்கியது.
பச்சை உதிர்ந்தது, அதற்கடியில் ஊதா,
அதற்கும் அடியில் யார் அடித்ததென்று தெரியாத ஒரு மஞ்சள்.

முதல் நாள் அண்ணன் இடுப்புவரை மறைந்தான்.
மறுநாள் கழுத்து.
மூன்றாம் நாள், சித்தாள் நீட்டிய டீயை
சுவருக்கு மேல் வாங்கிக்கொண்ட ஒரு கை.

கணக்குத் தீர்த்தபோது திம்மராயன்
ஏழு நாள் தண்ணீர் விடச் சொன்னார்,
இரண்டு பக்கமும்.
எங்கள் தெருவில் காவிரி ஒருநாள் விட்டு ஒருநாள்.
இரவு பத்தரைக்கு மக்கில் மொண்டு என் பக்கம் ஊற்றினேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
அடுத்த நாளும் இல்லை.
அதற்கடுத்த நாள் போனில் பணம் வந்தது,
மொத்தத்தில் சரிபாதி, டீ உட்பட.
கீழே ஒரே ஒரு வார்த்தை:
"மோட்டார்?"

சுவிட்ச் என் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது.
வக்கீலும் பார்க்கவில்லை, நானும்.
எழுந்துபோய்ப் போட்டேன்.