நெருப்பு உமிழ அனுமதிச் சீட்டு

ஜுபைல் கேம்ப், பதினான்காம் அறை, மேல் கட்டில்.
நைட் ஷிஃப்ட் முடிந்து, கட்டில் திரையை இழுத்துவிட்டு
ஒரு டிராகனை எழுத ஆரம்பித்தேன்.

முதல் வரியிலேயே தகராறு.
சீனத்து மீசை வைப்பதா,
சர்ச் கண்ணாடியில் ஈட்டி வாங்கிக் கிடக்கும்
பச்சைப் பல்லியா?
யாளி என்று எழுதி அடித்தேன்.
அது தூணை விட்டு இறங்காது,
வாயில் உருளும் கல்லைத் துப்பாமல்
வசனமும் பேசாது.

ஃபிளேர் ஸ்டாக்கை மட்டும் டிராகன் என்று எழுதக் கூடாது,
எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.
வந்த முதல் வாரம் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்,
வீட்டுக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜில்கூட.

என்னுடையது கடல் குடிப்பது.
நான் வேலை பார்க்கும் ஆலையும் அப்படித்தான்:
உப்பை உறிஞ்சி
நல்ல தண்ணீரைக் குழாயில் ரியாத்துக்கு அனுப்பிவிட்டு
கசப்பைத் திரும்பக் கடலிலேயே கக்கும்.
இரவு இரண்டு மணிக்கு அதற்கு நாடி பார்ப்பவன் நான்.

கீழ்க் கட்டில் ஞானசிகாமணி சேஃப்டி ஆபீசர்.
ஒரு பக்கம் படித்துவிட்டுக் கேட்டார்:
"நெருப்பு விடுதே வே, ஹாட் வொர்க் பெர்மிட் எடுத்தாச்சா?
பக்கத்துல ஃபயர் வாட்ச் யாரு?"
சிரித்தேன்.
பிறகு சிரிக்காமல் ஓர் ஆளைச் சேர்த்தேன்.
பெயர் பிம் பகதூர், கையில் தீயணைப்பான், சைஸ் பெரிய பூட்ஸ்.
அவன் வந்த பிறகுதான் கதைக்கு மூச்சு வந்தது.
டிராகன் இருமும்போதெல்லாம்
நேபாளியில் ஏதோ சொல்கிறான்.
என்ன என்று எனக்கே தெரியாது.

மெஸ்ஸில் ரொடெல் சொன்னான்:
"ஏழு நிலா இருந்தது.
எங்கள் கடல் பாம்பு ஆறைத் தின்றுவிட்டது.
ஏழாவதுக்கு வாய் திறந்தபோது
ஊரே சட்டி பானையைத் தட்டியது."
பதிலுக்கு நான் மாணிக்கம் கக்கும் நாகத்தைச் சொன்னேன்.
கக்கி வைத்த வெளிச்சத்தில் அது இரை தேடும்,
மரத்தில் ஒளிந்திருப்பவன்
ஒரு கூடைச் சாணியை அதன்மேல் கவிழ்ப்பான்,
இருட்டில் தலையை அடித்து அடித்து நாகம் சாகும்.
ரொடெல் கோழி எலும்பைத் தட்டோரம் வைத்தான்.
"பாம்பு பக்கம் நிற்க
உங்கள் கதையில் ஒருத்தர்கூட இல்லையா?"

அன்று மூன்று பக்கம் கிழித்தேன்.
டிராகனின் மாணிக்கம் இப்போது
கம்பெனி ஆபீசின் சாம்பல் நிற அலமாரியில்,
ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டுகளுக்கு நடுவே.
சாவிக்காரர் வியாழக்கிழமை மட்டும் வருவார்.
வாலை மடித்துக் கக்கத்தில் இடுக்கி
டோக்கனோடு வரிசையில் நிற்கிறது,
முன்னால் நிற்பவரின் காலர் கருகாமல்
மூச்சை அடக்கி.
அங்கேயே நின்றுவிட்டது. கதையும்தான்.

செப்டம்பரில் கிரகணம்.
நிலா பழைய செம்புக் காசாகி மொட்டைமாடிக்கு மேல் தொங்கியது.
பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடியும்வரை
ரொடெல் காத்திருந்தான்,
பிறகு குக்கர் மூடியை எடுத்தான்.
டங்.
எதிர் பிளாக்கிலிருந்து ஒரு தட்டு.
அப்புறம் வாளி, படிக்கட்டுக் கம்பி,
ஏசி அவுட்டரின் தகரம்.
"எண்பத்தஞ்சு டெசிபல் தாண்டுது வே" என்றபடியே
ஞானசிகாமணி ஹெல்மெட்டைக் கழற்றித் தட்டினார்.
எனக்குக் கைவசம் ஒரு பேனாதான் இருந்தது,
தண்ணீர் டேங்க்கைத் தட்டினேன்.
பாதி காலி என்றது.

மறுநாள் எட்டாம் அறை லாக்பா தாமாங்கிடம் கேட்டேன்:
இருமுகிறவனைப் பார்த்து உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?
பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.
நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னான்,
"பானி பிஊ. தண்ணி குடி. வேற என்ன சொல்றது?"

எத்தனையோ கடல் குடித்ததை
வரிசையிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி உட்காரவைத்து
பிம் பகதூர் ஒரு பேப்பர் கப்பை நீட்டுகிறான்.
ஆலைத் தண்ணீர்தான்.
டிராகன் முகர்ந்து பார்க்கிறது,
இது என்ன என்று கேட்கிறது.